மறுத்தறியாத அம்மையார்

'இல்லை' என்றோ 'முடியாது' என்றோ அவர் சொல்லக் கேட்டவர் எவரேனும் இருப்பின், அவரைச் சந்தித்துச் சற்று நேரம் உரையாட விரும்புகிறேன். ஈராண்டுகள் ஒரே குழுவில் அவருக்கு எதிரே அமர்ந்திருந்தும் எனக்கு அப்பேறு வாய்க்கவில்லை. எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைச் சற்றே மேலே தள்ளி, தலையை ஒருபுறம் சாய்த்து, "ஆகட்டுங்க" என்பார். கேட்டவர் நிறைவோடு எழுந்து போவார். அவர் கேட்டது பின்னர் நடந்ததா என்பது வேறு செய்தி. நடக்கவில்லையே என்று திரும்பி வந்து சண்டையிட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. என்னை முதலில் உறுத்தியது அதுதான்.

திருச்செங்கோட்டுச் சாலையில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் வரிசையாக நிற்கும் பட்டறைகளைக் கடந்ததும் வரும் தனியார் பல்கலைக்கழகம் அது. அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றிருந்த என்னை ஒரு சிறு பணிக்காக அங்கே அழைத்திருந்தனர். பாலினச் சமத்துவக் கொள்கை ஒன்றை அவர்கள் வகுத்தாக வேண்டும். மாணவ மாணவியரின் கருத்தைக் கேட்ட பிறகே வகுக்க வேண்டும் என்பது மேலிடத்து விதி. ஆனால் ஆங்கில வரைவு முன்னரே அணியமாக இருந்தது. கருத்துக் கேட்பதற்கு முன்பே வரைவு எப்படி முற்றுப்பெற்றது என்று முதற்கூட்டத்தில் வினவினேன். குழுவின் ஒருங்கிணைப்பாளர் இந்த அம்மையார். "நல்ல கேள்விங்க ஐயா" என்றார். விடை வரவில்லை, தேநீர் வந்தது.

வரைவை மாணவர்க்கு விளங்கும் தமிழில் ஆக்கித் தருவதும், அவர்கள் கூறுவனவற்றைச் சேர்த்துச் செப்பமிடுவதும் என் பொறுப்பு. பெயரிலேயே பூசல் எழுந்தது. நான் 'பால் நிகர்மை' என்றேன். குழுவிலிருந்த சட்டப் பேராசிரியர், "யாருக்குங்க ஐயா புரியும்? பாலு வெலையச் சொல்றாங்கன்னு நெனைச்சுக்குவானுங்க பசங்க" என்று சிரித்து, 'பாலினச் சமத்துவம்' என்பதே வழக்கில் உள்ளது என்றார். அம்மையார் என்னிடம் தனியே "ஆகட்டுங்க" என்றார். பேராசிரியரிடமும் தனியே அதையே சொல்லியிருக்கிறார். கருத்துக் கேட்புக் கூட்டத்தின் அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது, மேலே பேராசிரியருடைய சொல்லும் கீழே என்னுடைய சொல்லும் இருந்தன. இருவரும் அம்மையாருக்கு நன்றி கூறிவிட்டு வெளியே வந்த பின்னரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மையார் வணிகவியல் பேராசிரியர். சேலம் நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தினர். நாள்தோறும் பல்கலைக்கழகப் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் வந்து இறங்குவார். வாயிற்காவலருடைய மகளின் மாமியார் குணம் முதல் துணைவேந்தரின் சருக்கரை அளவு வரை அவருக்குத் தெரியும். பணியாளர் சங்கத்தார் அவரைத் தம்மவர் என்றனர். அவர்களோடு பேசாத தாளாளரும் அவரைத் தம்மவர் என்றே கருதினார். எல்லாருக்கும் வேண்டியவராக இருக்கும் ஒருவர் யாருக்கு உண்மையாக இருப்பார் என்ற ஐயம் எனக்கு இயல்பாகவே எழுந்தது. அதை எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றுமுதல் அவரைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன்.

பார்த்தவற்றுள் ஒன்றைச் சொல்கிறேன். சட்டப் பேராசிரியரின் பேரக் குழந்தைக்குக் காதணி விழா. குலதெய்வக் கோயில் வளாகத்தில் கிடா விருந்து. அப்போது கிறித்தவர்களுக்குத் தவக்காலம். அந்நாட்கள் முழுமையும் அம்மையார் புலால் உண்ணாதவர் என்பது எனக்குத் தெரியும், விருந்தளித்தவருக்குத் தெரியாது. எதிர்வரிசையில் நான் அமர்ந்திருந்தேன். "மேடம், கறி வைக்கட்டுங்களா?" என்று பேராசிரியரே வாளியோடு வந்து நின்றார். "ஆகட்டுங்க, வைங்க" என்றார் அம்மையார். இலையில் நிறைய விழுந்தது. அவருக்குப் பக்கத்தில் யார் வீட்டுச் சிறுமியோ ஒருத்தி சப்பணமிட்டு அமர்ந்து உண்டுகொண்டிருந்தாள். அவளோடு ஏதோ பேசிச் சிரித்தபடியே அம்மையார் உண்டார். பந்தி முடிந்து எழுகையில் அவர் இலையைப் பார்த்தேன். எலும்புகள் கிடந்தன. பேராசிரியர் அதைக் கண்டு மகிழ்ந்தார். சிறுமியின் இலையைப் பார்த்தேன். அதில் ஓர் எலும்பும் இல்லை. கறியை அவளுக்குத் தந்துவிட்டு, அவள் கடித்துப் போட்ட எலும்புகளைத் தம் இலைக்கு மாற்றியிருக்கிறார். விருந்தளித்தவர் மனமும் கோணவில்லை, நோன்பும் கெடவில்லை. இத்துணை நயமாக ஒருவர் பொய் சொல்ல முடியும் என்றால், அவர் வாயால் சொல்லும் ஆமோதிப்பில் எதை நம்புவது?

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு பிற்பகலில் பெரிய கருத்தரங்க அரங்கில் நடந்தது. அப்பல்கலைக்கழகத்தின் ஒழுங்கை அறியாதவர்க்கு ஒரு சொல். ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. ஒருவரோடு ஒருவர் வழியில் நின்று பேசினால் அன்று மாலையே இரு வீட்டுக்கும் தொலைபேசி போகும். அந்த ஒழுங்கை நம்பித்தான் சுற்றுவட்டாரப் பெற்றோர் தம் மகளிரை அங்கே சேர்க்கின்றனர். அத்தகைய இடத்தில், இடப்பக்கம் ஆண்களும் வலப்பக்கம் பெண்களுமாக அமரவைத்துச் சமத்துவம் பற்றிக் கேட்டோம். அம்மையார் மேடையேறவில்லை. பெண்கள் வரிசையின் நடுவே போய் அமர்ந்து ஒலிவாங்கியை ஒருவர் மாற்றி ஒருவருக்கு நீட்டினார். மற்றொரு கையில் அவருடைய கைப்பேசி இருந்தது. அதில் அவர் காணொளி எடுத்துக்கொண்டிருந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

தொடக்கத்தில் எல்லாரும் எழுதி மனப்பாடம் செய்ததையே ஒப்பித்தனர். பிறகு கணினிப் பொறியியல் மூன்றாமாண்டு மாணவி தாரணி எழுந்தாள். ஆட்டையாம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர், வேளாண் குடும்பம். ஒலிவாங்கி தேவைப்படாத குரல்.

"லைப்ரரி எட்டு மணி வரைக்கும் தொறந்திருக்குதுங்க. எங்க ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டிர்றாங்க. பசங்களுக்கு ஒம்பது மணிங்க. அப்ப ஆறுல இருந்து எட்டு வரைக்கும் அந்த லைப்ரரி யாருக்குங்க?"

"எங்களுக்குத்தான்!" என்று இடப்பக்கத்திலிருந்து ஒருவன் கூவினான். அரங்கம் சிரித்தது.

"அப்படீங்களா அண்ணா? லைப்ரரிக்குக் கதவு எந்தப் பக்கம்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள் தாரணி.

இம்முறை இரு பக்கமும் சிரித்தன. கூவியவனின் நண்பர்களே அவன் முதுகில் அறைந்தனர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வரைவில் இல்லாத ஒன்று அன்றுதான் அந்த அரங்கில் பேசப்பட்டது. அன்று மாலையே ஒரு பிரிவை எழுதினேன்: நூலகப் பயன்பாட்டு நேரம் இருபாலார்க்கும் ஒன்றே, விடுதி வாயிலின் நேரமும் அதற்கேற்ப அமைதல் வேண்டும். என் வாழ்நாளில் நான் எழுதிய சொற்றொடர்களுள் பயனுள்ள ஒன்று என்று அதைக் கருதினேன். அம்மையாரிடம் காட்டினேன். இருமுறை படித்தார். "ஆகட்டுங்க ஐயா. ரொம்பத் தெளிவா இருக்குதுங்க" என்றார். 'ரொம்பத் தெளிவா' என்பதை அவர் சொன்ன தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போன தாரணி திங்களன்று திரும்பவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவளோடு அறையில் தங்கியிருந்த பெண் என்னைத் தேடி வந்து சொன்னாள்: "பேரன்ட்ஸ் வாட்ஸப் குரூப்புல அவ பேசுன வீடியோ வந்திருச்சுங்க ஐயா. அவங்க பெரியப்பா பாத்துட்டாங்களாம். இனிப் படிச்சது போதும்ங்கறாங்களாம். மாப்பிள்ளை பாக்கறாங்கன்னு போன்ல அழுவறா."

பெற்றோர் அனைவரையும் சேர்த்து ஒரு புலனக் குழு வைத்திருப்பது அங்கே வழக்கம். விழா நடந்தால், பரிசு கிடைத்தால், புதிய கட்டடம் எழுந்தால் உடனுக்குடன் அதில் படமும் காணொளியும் வரும். 'பெண்களின் குரலுக்கு மதிப்பளிக்கும் நம் பல்கலைக்கழகம்' என்ற தலைப்பிட்டு, தாரணி எழுந்து கேட்டதை அப்படியே இட்டிருந்தனர். பெருமைப்பட வேண்டிய செய்தி என்றே கருதியிருப்பர். எந்தப் பெற்றோர் மகளைப் பூட்டிய வாயிலுக்குள் வைத்திருப்பதற்காகவே அங்கே சேர்த்தனரோ, அந்தப் பெற்றோருக்கே அந்த வாயிலைத் திறக்கச் சொன்ன பெண்ணின் முகத்தைக் காட்டினால் என்ன நேரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நேரே அம்மையாரின் அறைக்குச் சென்றேன். "அக்காணொளியைக் குழுவில் இட்டது யார்?" என்று கேட்டேன்.

"நாந்தாங்க ஐயா."

மழுப்புவார் என்றே எதிர்பார்த்திருந்தேன். "ஏன்?"

"தாளாளர் போடச் சொன்னாருங்க. ஆகட்டும்னேன்."

"அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "எல்லாரும் அப்படிக் கைதட்டுனாங்களேங்க" என்றார். பிறகு, "நாளைக்கு அவங்க வீட்டுக்குப் போறேன். நீங்களும் வர்றீங்களா?" என்றார். துணையாக அன்று, அங்கே அவர் என்ன பேசுகிறார் என்பதைக் காதால் கேட்க வேண்டும் என்பதற்காகவே நான் உடன்சென்றேன்.

தென்னந்தோப்புக்கு நடுவே புதிதாக எழுப்பிய மாடிவீடு. தாரணியின் தந்தை அதிகம் பேசாதவர். பேச்செல்லாம் அவருடைய தமையனார்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி ஒன்றை வெளிமாநிலங்களில் ஓட்டும் முதலாளி அவர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு கைப்பேசிகள்.

"வாங்க, வாங்க. ஊடு தெரிஞ்சுதுங்களா? உக்காருங்க" என்றவர், அம்மையார் அமர்ந்ததும் தொடங்கினார். "ஏனுங்க டீச்சரம்மா, புள்ளையப் படிக்க அனுப்புனா மைக்குப் புடிச்சுப் பேசப் பழக்கறீங்களாமா? எலெக்சன்ல நிக்கவாங்க அனுப்புனோம்?"

"நீங்க சொல்றது நியாயந்தாங்க."

"எங்க வண்டி ஒரிசாவுல ஓடுதுங்க. அங்க போர் போடற பசங்க வரைக்கும் பாத்துட்டுப் போன் போடறானுங்க. 'மொதலாளி, நம்ம அம்மிணி டிவியில வருதாட்ட இருக்குது'ங்கறான். நான் என்னன்னு பதில் சொல்றது?"

"கஷ்டந்தாங்க."

"ராத்திரி எட்டு மணிக்கு வயசுப் புள்ளைக வெளிய நடமாடோணும்னு நீங்க சட்டம் எழுதறீங்களாமா?"

"உங்க இடத்துல இருந்து பாத்தா அப்படித்தானுங்க தெரியும்."

காப்பி கொண்டுவந்து வைத்த தாய், தலையைக் குனிந்தபடியே, "எம்புள்ள என்னங்க தப்பாப் பேசுச்சு? லைப்ரரிக்குப் போவோணும்னுதான கேட்டுச்சு" என்றார்.

"நீ சும்மா இரு அம்மிணி" என்றார் தமையனார். தந்தை தம் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பொறுக்க மாட்டாமல் வாய்திறக்கப் போன நேரத்தில் அம்மையார் எழுந்து, "கொஞ்சம் கை கழுவிட்டு வந்துர்றேங்க" என்று தாயோடு பின்கட்டுக்குப் போனார். கை கழுவுவதற்கு வேண்டிய நேரத்தைப் போலப் பல மடங்கு நேரம் சென்றது. தமையனார் என்னிடம் மழையைப் பற்றியும் நிலத்தடி நீர் எத்துணை ஆழத்துக்குப் போய்விட்டது என்பது பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். சன்னல் வழியே பின்புறத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதனருகே தாரணி நின்றாள். அவள் கைகளை அசைத்துப் பேசினாள். அம்மையார் தலையாட்டிக்கொண்டே இருந்தார். என்ன பேசினர் என்பது கேட்கவில்லை. தாளாளரிடத்தும் அவர் இப்படித்தான் தலையாட்டியிருப்பார் என்று எண்ணினேன்.

திரும்பி வந்தவர் இருக்கையின் நுனியில் அமர்ந்தார். "ஏனுங்க, உங்களுக்கு உறுத்தறது அந்தக் கேட்டு நேரந்தானுங்களே? அது கொள்கையில வராதுங்க. புள்ளையத் திங்கக்கெழமை அனுப்பிவிடுங்க. அடுத்தது கடைசி வருசம், கம்பெனிக்காரங்க ஆள் எடுக்க வர்ற நேரம். விட்டா மறுபடி வராதுங்க."

என் பைக்குள் அந்தப் பிரிவு இருந்தது. அதை எழுதியவன் நான். என்னைக் கேளாமலே அது அந்த வீட்டுக் கூடத்தில் அழிக்கப்பட்டது.

"உங்க பேச்சை எப்படிங்க நம்பறது? நாளைக்கே எழுதிப் போட்டுட்டீங்கன்னா?" என்றார் தமையனார்.

"எழுதறவரே இங்கதானுங்க இருக்காரு" என்று அம்மையார் என் பக்கம் திரும்பினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தனர். உள்ளறைக் கதவின் இடுக்கில் தாரணியின் முகமும் தெரிந்தது. 'வராது' என்று சொல்ல என் நா எழவில்லை. 'வரும்' என்று சொன்னால் அந்தப் பெண் அந்த வீட்டிலேயே நின்றுவிடுவாள். ஒன்றும் சொல்லாமல் அமர்ந்திருந்தேன்.

"ஐயா பேசாம இருக்காருன்னாச் சரிங்கறாருன்னு அர்த்தமுங்க" என்றார் அம்மையார்.

"அப்பறமென்னங்க! பெரியவரு வாக்குக் குடுத்துட்டாரு" என்று தமையனார் முதன்முறையாகச் சிரித்தார். எங்களுக்கு ஆளுக்கு இரண்டு இளநீர் வெட்டித் தந்தனர்.

திரும்பும் பேருந்தில் என்னால் அடக்க முடியவில்லை. "மாணவியர் கருத்தைக் கேட்பதற்கென்று கூட்டம் கூட்டினோம். அவர்கள் சொன்னவற்றுள் பொருளுள்ள ஒன்றே ஒன்றை நீங்கள் விற்றுவிட்டு வருகிறீர்கள். எந்த உரிமையில்?" என்றேன். முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"கோவப்படுங்க ஐயா. நியாயமான கோவந்தாங்க" என்றார் அம்மையார்.

தாரணி திங்களன்று வந்தாள். கொள்கையிலிருந்து அந்தப் பிரிவு நீங்கியது. அவ்விடத்தில், 'பாதுகாப்புக்கு உட்பட்டு அனைவர்க்கும் உரிய வாய்ப்புகள் வழங்கப்படும்' என்ற, எவருக்கும் எதையும் வழங்காத தொடர் ஒன்று வந்து அமர்ந்தது. வெளியீட்டு விழாவில் குத்துவிளக்கேற்றினர். அடுத்த மாதமே அம்மையார் மாணவர் நலப் புலமுதல்வராக உயர்த்தப்பட்டார். பேராசிரியர் ஓய்வறையில் எல்லாரும் ஒருவர் காதில் ஒருவர் பேசினர். சட்டப் பேராசிரியர் வெளிப்படையாகவே, "வீடியோவப் போட்டதும் அவங்க, வீட்டுக்குப் போயி முடிச்சு வெச்சதும் அவங்க. பாத்துக்குங்க ஐயா" என்றார். நான் மறுக்கவில்லை. என் கருத்தும் அதுவாகவே இருந்தது. காணொளியை இட்டு அந்தப் பெண்ணைச் சிக்கவைத்தார். சிக்கலைக் காட்டிப் பிரிவை நீக்கினார். நீக்கியதற்குப் பதவி பெற்றார். இதில் பொருந்தாதது ஒன்றுமில்லை.

சில வாரங்கள் கழித்து, கொள்கையின் அச்சுப்படியில் பிழை திருத்துவதற்காக மாலையில் நூலகத்தில் அமர்ந்திருந்தேன். விடுதி வாயில் பூட்டப்பட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. நூலடுக்குகளின் பின்புறத்தில் பெண்களின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். நீண்ட மேசையில் ஒரு கூட்டமே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தது. நடுவில் தாரணி.

"எப்படி வந்தீர்கள்?" என்றேன்.

"அந்தக் கதவு வழியாங்க ஐயா" என்று கைகாட்டினாள். நூலகத்தின் பின்சுவரும் பெண்கள் விடுதியின் துணி உலர்த்தும் முற்றமும் ஒட்டியவை. இடையிலிருந்த பழைய கதவை மறைத்து எத்தனையோ ஆண்டுகளாக இரும்பு நிலைப்பேழைகளை நிறுத்தியிருந்தனர். அவை இப்போது ஓரமாக நகர்ந்திருந்தன. கதவு திறந்திருந்தது. அருகில் ஒரு நாற்காலியில் விடுதிக் காப்பாளர் அமர்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தார்.

"டீன் மேம் தொறந்து விட்டாங்க" என்றாள் தாரணி. "அன்னிக்குத் தொட்டிகிட்ட நின்னு எங்கிட்டக் கேட்டாங்க. 'கேட்டுக்காகச் சண்டை போட்டா உன்னைய ஊட்டுலயே வெச்சுக்குவாங்க. உனக்கு என்ன வேணும்?'னாங்க. எனக்குக் காலேஜும் வேணும், லைப்ரரியும் வேணும்னேன். 'ரெண்டுமா?'ன்னாங்க. ஆமாங்கன்னேன். ஆகட்டும்னாங்க."

"வீட்டுக்குத் தெரிந்தால்?"

"பெரியப்பா தெனமும் வார்டனுக்குப் போன் பண்ணுவாங்க. 'கேட்டு பூட்டியாச்சுங்களா?'ம்பாங்க. வார்டன் 'பூட்டியாச்சுங்க'ம்பாங்க. பொய் இல்லீங்களே ஐயா?"

பெண்கள் புத்தகத்தால் வாயை மறைத்துச் சிரித்தனர். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆயினும் அது முழுமையாக வரவில்லை. கட்டடப் பொறுப்பாளரிடமிருந்து அந்தக் கதவின் திறவுகோலைப் பெற அம்மையார் எதற்கு 'ஆகட்டும்' என்றார், தாளாளரிடம் எதற்கு 'ஆகட்டும்' என்றார் என்பன இன்றளவும் எனக்குத் தெரியாதவை. மறுநாள் அவரைக் கண்டபோது, "இத்துணையும் செய்தவர், ஒரு வரி எழுதிவிட்டால் என்ன? கதவுக்கு ஓர் உரிமை வேண்டாமா?" என்றேன்.

"எழுதினாப் படிப்பாங்களேங்க ஐயா" என்றார்.

அதை நகைச்சுவையாகச் சொன்னாரா, தம் வாழ்க்கை நெறியையே சொன்னாரா என்று விளங்கவில்லை. எழுத்தை நம்பி வாழ்ந்த எனக்கு அச்சொல் குளிர்ந்த நீரை மேலே ஊற்றியது போலிருந்தது. தாரணி படித்து முடித்து வேலையேற்று வெளியூர் போனாள். அவளுக்குப் பின் வந்தவர்கள் அந்தக் கதவை ஏதோ பல்கலைக்கழகம் தோன்றிய நாள்முதல் இருப்பதாக எண்ணிப் போய்வந்தனர்.

பிறகு அம்மையார் ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் பேசிய அனைவரும், பகைவர் உட்பட, அவர் தமக்குச் செய்த உதவி ஒன்றைச் சொன்னார்கள். அடுத்து வந்த புலமுதல்வர் நேர்மையானவர், விதிப்படி நடப்பவர். ஒப்புதல் இல்லாமல் ஒரு கதவு திறந்திருப்பதைக் கண்டார். பூட்டினார். நிலைப்பேழைகள் பழைய இடத்துக்கே வந்து நின்றன.

நான்கு மாணவியர் என் வீட்டுக்கு வந்தனர். முன்பின் அறியாதவர்கள். அவர்களுள் உயரமாக இருந்தவள் பேசினாள்: "கொள்கையத் தமிழ்ல எழுதுனவரு நீங்கதானுங்களாமா ஐயா? அந்தக் கதவு எந்தப் பிரிவுல வருதுன்னு சொன்னீங்கன்னா நாங்க போய்க் கேப்பங்க."

எந்தப் பிரிவிலும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நூலை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை அவர்கள் எதிரில் புரட்டினேன். மூடி வைத்தேன். சேலத்தில் இருந்த அம்மையாருக்குத் தொலைபேசினேன்.

செய்தியைக் கேட்டுக்கொண்டார். வியப்போ வருத்தமோ காட்டவில்லை. "தாளாளருக்கு ஒரு போன் போடட்டுங்களா ஐயா? இப்பவும் நான் சொன்னாக் கேப்பாரு" என்றவர், தொடர்ந்து, "வந்திருக்கிற புள்ளைங்கள்ல நல்லாப் பேசறவ யாருங்க? பேரு என்னங்க?" என்றார்.

எதற்குக் கேட்கிறார்? அவளுக்காகத் தாளாளரிடம் பேசவா? அவள் யார் என்று தாளாளரிடம் சொல்லவா? இரண்டுமே அவரால் ஆகக்கூடியவை. இரண்டையும் ஒரே உரையாடலில் செய்து முடிக்கக்கூடியவர் அவர். கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த உயரமான பெண்ணிடம் திரும்பினேன். "உன் பெயரைக் கேட்கிறார். சொல்லட்டுமா?"

"சொன்னா என்னாகுமுங்க?"

தாரணிக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் சொன்னேன். காணொளியைச் சொன்னேன், வீட்டில் நிறுத்தியதைச் சொன்னேன், மீட்டு வந்ததைச் சொன்னேன், கதவையும் சொன்னேன். மற்ற மூவரும் அவள் முகத்தையே பார்த்தனர். ஒருத்தி அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "வேண்டாம்டி, எங்க அப்பனாட்டந்தான் உங்க அப்பனும்" என்று முணுமுணுத்தாள்.

அவள் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கினாள்.

"வணக்கங்க மேம். நானே பேசறேனுங்க" என்று தன் பெயர், துறை, ஊர், தந்தை பெயர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தாமலே தொடர்ந்தாள்: "ஆனா மேம், பின்னாடிக் கதவு எங்களுக்கு வேண்டாங்க. முன்னாடிக் கேட்டுதான் வேணும். அதையும் எழுதித்தான் வேணும். அதுக்குப் பேசறீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

மறுமுனையிலிருந்து வந்த விடை எனக்குக் கேட்கவில்லை. விடை வந்ததா என்பதும் தெரியவில்லை. அவள் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல், கண்ணிமைக்காமல், நெடுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.